ஏ மூன்றரை

பகல் முழுக்க ஊராருக்குப் பல் செய்கிறேன்.
வட பின்லாந்தின் ஔலுவில், துறைமுகச் சாலையில்,
மூன்று மணிக்கே இருட்டிவிடும் ஜனவரியில்
பீங்கான் கடைவாய்ப்பல்லுக்குச் சாயம் ஏற்றி
சூளையில் வைத்துவிட்டு வீடு வருவேன்.
இரவில் பூதங்களுக்குப் பல்.

இருபத்தெட்டு மில்லிமீட்டர் உயரம்.
அதில் வாய் ஒரு எள்.
எள்ளுக்குள் பல்.

அலமாரியின் அடித்தட்டில்
இன்னும் வண்ணம் காணாத சாம்பல் கும்பல் ஒன்று கிடக்கிறது.
வாங்கும் வேகத்துக்கும் தீட்டும் வேகத்துக்கும் உள்ள தூரம் அது.
எண்ணுவதில்லை.
எண்ணினால் சந்தைக்குப் போக முடியாது.

போனேன்.
பனிச்சறுக்குக் காலணிகளுக்கும் ஓட்டை விழுந்த வாணலிக்கும் நடுவே
செருப்புப் பெட்டிக்குள் ஒரு படை.
பழைய ஈயம், எடுத்தவுடன் கை அறியும் கனம்.
அட்டையால் அறை தடுத்து
எட்டெட்டாய் ஐந்து வரிசை,
இடது ஓரத்தில் தனியறையில் ஒன்று.
எல்லாக் கண்களும் ஒரே பக்கம் இழுத்துக்கொண்டிருந்தன.
தீட்டியவருக்குக் கை கோணல் என்று நினைத்தேன்.
பன்னிரண்டு யூரோ. பேரம் பேசவில்லை.

பழைய வண்ணத்தை உரிப்பதுதான் முதல் வேலை.
பைன் சோப்பில் ஓரிரவு ஊறினால்
பல்துலக்கிக்குத் தோல் தோலாய்க் கழன்று வரும்.
ஓரத்தில் நின்றதைத்தான் முதலில் போட்டேன்.
கையில் ஈட்டி, பிளந்த வாய்.
காலையில் வெறும் ஈயமாக மிதப்பின்றிக் கிடந்தது.
கவிழ்த்தேன்.
பீடத்தின் அடியில் ஊசியால் கீறிய எழுத்து:
காரீனா. சிரிக்கிறாள்.

மற்றவற்றையும் கவிழ்த்தேன்.
ஆர்வோ, கொதிகலன்.
தொய்னி, சம்பளப் பிரிவு.
ராஉனோ, கடன் வாங்கினான், தரவில்லை.
ஒஸ்மோ இருவர்: ஒஸ்மோ, மற்ற ஒஸ்மோ.
ஏதோ ஒரு காகித ஆலையின் பகல்முறை மொத்தமும்
கோரைப்பல் முளைத்து, கோடரி ஏந்தி.
மூன்றாம் வரிசையில், கேடயத்துக்குப் பின்னே
பாதி முகம் காட்டிய ஒருவனுக்கு மட்டும் பெயரில்லை,
ஒரு கோடு.

நாற்பது பேரும் சோப்புக்குத் தப்பினார்கள்.
அவள் முகத்தை மட்டும் கழுவி ஊற்றியிருந்தேன்.

மைனஸ் இருபத்திரண்டில் பால்கனியில் அடிப்பூச்சு அடித்தால்
மாவாய் உமிழும்.
குளியலறையில் அடித்தேன்.
சௌனாக் கதவுக் கண்ணாடியில்
ஈட்டியின் நிழல் இன்னும் ஒட்டியிருக்கிறது.

தோலுக்குப் பச்சை, கூந்தலுக்குத் துரு,
தண்ணீராய் இளக்கி இரண்டு பூச்சு, மூன்று பூச்சு.
காபி என்று நினைத்துத் தூரிகை கழுவிய நீரைக் குடித்தேன்.
இது முதல் தடவை இல்லை.

பல்லுக்கு வந்ததும் கை நின்றது.
வெள்ளை வைத்தால் விளம்பரம்.
மஞ்சள் வைத்தால் வெறும் பூதம்.
ஆய்வகத்திலிருந்து சாயப்பலகையைக் கோட்டுப் பைக்குள் கொண்டுவந்தேன்.
ஏ மூன்றரை.
ஆலை உணவறைக் காபியைக் குடித்துக் குடித்து
ஐம்பதைத் தொட்டவர்களின் நிறம்.
அதற்கும் அவளுக்கும் என்ன சம்பந்தம், எனக்கெப்படித் தெரியும்?
வைத்தேன். சரியாக இருந்தது.

உலரட்டும் என்று அவள் அறையிலேயே நிறுத்தினேன்.

நாற்பது பேரும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கை கோணல் இல்லை.
அவள் ஏதோ சொல்லியிருக்கிறாள்,
சொல்லி முடிக்கும் முன் அவளுக்கே சிரிப்பு வந்திருக்கிறது.

இனி கண்.
மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.
அந்தக் கேடயக்காரன் பக்கம் திருப்புவதாகத் திட்டம்.
ஒன்று அமைந்தது.
இரண்டாவதை வைக்கும்போது மாடிவீட்டில் ஏதோ விழுந்தது.
அது விளக்கைப் பார்க்கிறது.
ஈரம் காயுமுன் துடைத்திருக்கலாம்.
துடைக்கவில்லை.

வியாழக்கிழமை, நூலகத்தின் நிலவறையில் ஆட்டம்.
இரண்டாம் சுற்றில் பகடை ஒன்று காட்டியது,
காரீனா விழுந்தாள்.
மேசையோரம் மல்லாக்கக் கிடத்தினேன், சிரித்தபடி.
எஈத்து வெகுநேரம் குனிந்து என் வரிசையைப் பார்த்தான்.
பிறகு கேட்டான்:
எதிரே நிற்பது நான்தானே,
இவர்களில் ஒருவன்கூட ஏன் என்னைப் பார்ப்பதில்லை?