இரண்டு அங்குலம்

அந்தத் தலைக்குள் கோழிகள் குடியிருந்தன.
ஐம்பத்தொன்றாம் வருடத்து செவ்ரோலே,
நீலமா பச்சையா என்று வெயிலுக்கே மறந்துபோன நிறம்.
ஓர் உறைபெட்டியைக் கொடுத்து மாற்றிக்கொண்டேன்.
ஒனேசிமோ பாக்கா கதவை இழுத்துத் திறந்தபோது
இருக்கையில் முட்டை ஒன்று, இன்னும் சூடாக.
அதையும் விலையில் சேர்த்தார்.

அடியில் ஒன்றுமில்லை.
பழைய சட்டம் துருவாகி
மண்ணோடு சம்பந்தம் செய்துகொண்டுவிட்டது.

கொட்டகைக்குப் பின்னால் தம்பியின் எஸ்-டென்.
தொண்ணூற்றெட்டு.
எஸ்பன்யோலாவுக்கு வடக்கே, பனிக்கட்டி படிந்த வளைவில்
இரண்டு முறை புரண்டது.
கூரை இருக்கைவரை இறங்கியிருந்த அதிலிருந்து
உடைந்த காறையெலும்போடு தவழ்ந்து வந்தான் எலிசேயோ.
அதற்குப் பிறகு ஸ்டியரிங்கைத் தொடவில்லை.

சட்டத்தை மூலைக்கு மூலை அளந்தோம்,
நாடாவின் ஒரு நுனி அவனிடம், மறுநுனி என்னிடம்.
நூல் பிடித்ததுபோல் இருந்தது.
"நேராகத்தான் இருக்கிறது" என்றான்,
குற்றம் சாட்டுகிற குரலில்.

ஆறு போல்ட்டுகள்.
ஐந்து சொன்னதைக் கேட்டன.
ஆறாவதிடம் நெருப்பை வைத்துப் பேசினேன்.

சங்கிலியில் ஆடி ஆடி இறங்கியது பழைய தலை.
என்ஜினின் பிடரி கேபினின் முன்சுவரில் இடித்தது.
இடித்த இடத்தை வெட்டி
பீன்ஸ் வேகவைக்கும் எஃகுச் சட்டியைக் கவிழ்த்துப் பற்றவைத்தேன்.
கைப்பிடிகளை அறுக்க மனம் வரவில்லை.

தலைக்கும் சட்டத்துக்கும் இடையில் ரப்பர் வேண்டும்.
லாஸ் அலமோஸ் பனித்தளத்தில் கழித்துக்கட்டிய ஹாக்கி வட்டுகள்
ஒரு டாலருக்கு ஒன்றாகப் பதின்மூன்று வாங்கினேன்.
அவன்தான் துளையிட்டான்.
கறுப்புச் சுருள்கள் காலணிமேல் விழுந்தன.
"இவையாவது பனியில் ஓடப் பிறந்தவை" என்றேன்.
சிரிக்கவில்லை.
பன்னிரண்டாவது வட்டில், எதற்கென்று தெரியாமல், சிரித்தான்.

எல்லாம் உட்கார்ந்தபின் தள்ளி நின்று பார்த்தோம்.
மட்கார்டின் வளைவுக்கு நடுவில் இல்லை முன்சக்கரம்.
இரண்டு அங்குலம்.
மறுபடி தூக்க வேண்டும், மறுபடி வெட்ட வேண்டும்.
நாற்பத்தேழு வருட இடைவெளிக்கு
இரண்டு அங்குலம் ஒரு பெரிய விஷயமா,
என்றது என் சோம்பல்.
அதன் பேச்சைக் கேட்டேன்.

பதிவு அலுவலகத்தில் வெர்லீன் சோசி
டார்ச்சோடு குனிந்தாள், நிமிர்ந்தாள்.
கதவுத் தூணில் ஓர் எண், சட்டத்தில் வேறோர் எண்.
"இதில் எது வண்டி?"
"ஓடுவது எதுவோ அது" என்றான் தம்பி.
"மழை பெய்தால் எதற்குள் உட்காருவாய்?"
அவன் வாயைத் திறந்து மூடிக்கொண்டான்.
ஆண்டு என்ற கட்டத்தில் இரண்டையும் எழுதி
நடுவில் சாய்கோடு போட்டாள்.
கணினி ஏற்கவில்லை.
தற்காலிகத் தாளொன்றைக் கண்ணாடியில் ஒட்டி
திங்கட்கிழமை வாருங்கள் என்றாள்.

வெளியே முதல் சந்தியில் இடதுபக்கம் ஒடித்தேன்.
டயர் மட்கார்டைக் கடித்தது.
நாய் எலும்பை வைத்துக்கொண்டு உறுமுவதுபோல் ஒரு சத்தம்.
எலிசேயோவின் கை கதவுப்பிடியை இறுக்கியது.
கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னான்,
"வலதுபக்கமாகவே போ."

வலது. வலது. இன்னொரு வலது.
தேவாலயத்தை, டயர்க்கடையை,
பச்சைமிளகாய் வாட்டும் இரும்பு உருளையை அதன் புகையோடு
வலம் வந்தோம்.
நான்கு மைல் பதினொன்றானது.
மிளகாய் வாங்கியவர்கள் கையசைத்தார்கள்;
மூன்றாம் சுற்றில் எண்ண ஆரம்பித்துவிட்டார்கள்.

மிச்சமான பதின்மூன்றாம் வட்டு டாஷ்போர்டின் மேல் கிடந்தது.
திரும்பும்போதெல்லாம் அவனிடமிருந்து சறுக்கி
என்னிடம் வந்தது.
நேர்ச்சாலை வந்ததும்
நான் அதை அவன் பக்கம் தள்ளிவிட்டேன்.