மூன்றாம் வரி

மாங்குளம் ஆஸ்பத்திரி, பதினோராம் கட்டில்.
நான் படிவத்தை விரிக்க முதலே
பேனைக்குக் கை நீட்டுகிறா யோகமலர் அக்கா.
"எவடத்தில, பிள்ளை?"

கையெழுத்துக்குப் பழகின கை.
முகாமில், நிவாரண வரிசையில்,
மகனைத் தேடித்தரச் சொல்லி ஏழு கந்தோரில்
வாசியாமலே வைத்த கை.

முதுகில் ஒரு துண்டு இரும்பு. எக்ஸ்ரேயில்
புளியங்கொட்டை அளவு வெள்ளை.
எடுக்கலாம் என்கிறார் டொக்டர்.
எடுத்தால் கால் விறைக்கவும் கூடும் என்பது
சிங்களத்தில் அச்சடித்த மூன்றாம் வரி.

"எனக்கு விளங்கியது" என்ற இடத்தை
விரலால் மறைத்துக்கொண்டு
வரி வரியாய்ச் சொன்னேன்.
தியேட்டரிலிருந்து இரண்டு தரம் போன் அடித்தது.

கனநேரம் அவ பேசவில்லை.
பிறகு, களவெடுத்தவ மாதிரி மெல்ல:
"வேண்டாமெண்டு சொல்லேலுமோ?"
"ஓம்."
"சொன்னா இனி மருந்து தரமாட்டியளோ?"
"தருவம், அக்கா."
"விசாரணை ஏதும்?"
"இல்லை."

உழுந்து பிடுங்கி முடியட்டும் என்றா.
அதுவரை இரும்பு அங்கேயே கிடக்கட்டுமாம்,
இவ்வளவு காலமும் வாடகையில்லாமல் இருந்ததுதானே.

குறிப்பேட்டில் எழுதினேன்: மறுத்துள்ளார்.
"அதை ஒருக்கா வாசி, பிள்ளை."
வாசித்தேன்.
பேனையை வாங்கி, அதன் கீழே
முழுப் பெயரையும் ஆறுதலாக எழுதினா.

போன் திரும்பவும் அடிக்கிறது.
டொக்டருக்கு என்ன சொல்வதென்று
இன்னும் யோசிக்கவில்லை.