உள்ளளவும்

மேலுடம்புக்கு ஒன்றுமில்லை. அது கண்ணாடியிழை.
முப்பத்தைந்து குளிர்காலம் பார்த்தும்
பறித்த கத்தரிக்காய் போல மினுங்குகிறது.
கேடெல்லாம் அடியில்.

போல்ட்டுகள் பன்னிரண்டு.
ஏழு இணங்கி வந்தன.
மூன்றுக்குத் தீ காட்ட வேண்டியிருந்தது.
இரண்டு கழுத்து முறிந்து ஸ்பேனரோடு வந்தன.

பிறகு நாலு பேர்:
நான், வண்டிக்காரர் பிர்க்கெட்,
இறால் படகு வைத்திருக்கும் டைசன், அவன் மருமகள் ரோவினா.
மூலைக்கொருவராய் நின்று
ஆமையோட்டைக் கழற்றுவதுபோலத் தூக்கினோம்.
எதிர்பார்த்ததில் பாதி எடைகூட இல்லை.
அழகு அவ்வளவுதான் போலிருக்கிறது.

கீழே கிடந்தது சட்டகம்.
பிர்க்கெட் தொப்பியைக் கழற்றினார்,
தெருவில் சவவண்டி போகும்போது கழற்றுவாரே
அதுமாதிரி.

வால்னி தீவில் எந்தப் பக்கம் திரும்பினாலும் உப்புக்காற்று.
போதாதென்று, பனி விழுந்தால்
நகராட்சி லாரி இரவெல்லாம் சாலைக்கு உப்பிடுகிறது.
உப்பிட்டவரை
இரும்பைப்போல் நினைத்திருப்பவர் எவருமில்லை.

சுத்தியலால் தட்டிக்கொண்டே போனேன்.
நல்ல குழாய் கணீரென்றது.
கெட்ட குழாய் ‘ம்’ என்றது,
பொய் என்று தெரிந்தும் கேட்டுக்கொண்டிருப்பவர் கொட்டுகிற ‘ம்’.
இடது பக்கத் தாங்கியில் ஸ்க்ரூடிரைவர்
தேநீரில் ஊறிய பிஸ்கட்டுக்குள் போவதுபோல் போனது.
பெயிண்ட் பாளம்பாளமாக உரிந்தது. உள்ளே ஓர் ஒட்டு.
உள்ளங்கை அகலத் தகடு, அதன்மேல் புட்டி,
புட்டிமேல் தார்.
பூசி மெழுகியிருந்தான் எவனோ.

“எந்தப் பாவி செய்த வேலை?” என்றார் பிர்க்கெட்.
“ஷீனா, இந்த வண்டியில்தான் என் மகளை...”
முடிக்கவில்லை.

தாரைச் சுரண்டினேன். வெல்டிங் தடம் தெரிந்தது.
செதில்மேல் செதிலாக, எல்லாம் சற்றே இடப்பக்கம் சாய்ந்து,
முடிகிற இடத்தில் ஒரு சின்னக் கொக்கி.
கையெழுத்தைக்கூட மாற்றி எழுதலாம்.

எவனோ இல்லை.

தொண்ணூற்றைந்து, மார்ச்.
கப்பல் தளத்தில் ஆட்குறைப்பு, ஐந்து வார வாடகை பாக்கி.
ஒருவன் வந்தான். இதே வண்டி, அப்போது பச்சை.
“திங்கட்கிழமை சோதனை. தேறினால் போதும்.”
நாற்பது பவுண்ட், ரொக்கம்.
நீர்மூழ்கியின் வயிற்றில் வெல்டு வைத்த கை,
எக்ஸ்ரே எடுத்தும் குறை காணாத கை,
துருவைத் தேய்க்கக்கூட இல்லாமல்
அதன்மேலேயே தகட்டை வைத்தது.
தார் பூசும்போது வானொலியில் பந்தய முடிவுகள்.
அதுவரைக்கும் ஞாபகமிருக்கிறது.

கிரைண்டரை ஓட்டிக்கொண்டே சொன்னேன்.
அவர் காதைக் காட்டிக் கையை விரித்தார்.
கிரைண்டரை நிறுத்தி
மறுபடி சொன்னேன்.
அதுதான் கஷ்டமாக இருந்தது, இரண்டாம் தடவை.

பிர்க்கெட் வெளியே போனார்.
கடல்நாரைகள் கத்திக்கொண்டிருந்தன.
போய்விட்டார் என்றே நினைத்தேன்.
கால் மணி கழித்து வந்து கேட்டார்:
“அவள் இறங்கி நடந்தே போயிருக்கலாமோ, அத்தனை நாளும்?”
“ஆமாம்” என்றேன்.

இப்போது சனிக்கிழமைதோறும் வருகிறார்.
டார்ச்சும், குச்சியில் கட்டிய கண்ணாடியுமாக
ஒவ்வொரு வெல்டையும் முன்னும் பின்னும் பார்க்கிறார்.
நான் பேசுவதில்லை. விளக்கு பிடிக்கிறேன்.
பளபளவென்று வெள்ளை இரும்பு வரும்வரை வெட்டுகிறேன்,
புதுக்குழாய் வைக்கிறேன், உள்ளே மெழுகு பீய்ச்சுகிறேன்.
கூலியைப் பற்றி
அவரும் கேட்கவில்லை.

வெட்டியெடுத்த பழைய ஒட்டு பெஞ்சின்மேல் கிடக்கிறது.
தகட்டைச் சுற்றி இருந்த இரும்பெல்லாம் பொடிப்பொடி.
என் தடம் மட்டும்
ஒரு செதில்கூட உதிராமல் அப்படியே.