ஒரு கிலோ சீனி

கொட்டகலை பஸ் வரவில்லை.
மழை மட்டும் நேரத்துக்கு வந்தது.
பழைய இஸ்டோர் வாசலில் ஒதுங்கினோம்
நானும் என் நாத்தனார் பவளராணியும்.
சம்பளத்துக்கு அடுத்த ஞாயிறு,
பையில் மாவு, நெத்தலி, பருப்பு,
கோப்பரேட்டிவ் முத்திரையோடு ஒரு கிலோ சீனி.

இப்போது அது இஸ்டோர் இல்லையாம்.
நூதனசாலை என்று பலகை.
உள்நாட்டவர் நூறு, வெளிநாட்டவர் ஆயிரம்.
"நம்ம எதுல சேத்தி?" என்றாள் பவளராணி.
சீட்டுக் கிழிக்கிற பையன் சிரித்தான்.
பிரஜாவுரிமைக் கடிதம் வருமுன்னே
செத்துப்போன மாமனாருக்கு
இந்தக் கேள்வி சிரிப்பாக இருந்திருக்காது.
இருநூறு கொடுத்தோம்.
நெத்தலி நனைவதைவிட மலிவு.

கொழுந்து வாட்டிய மாடியில்
துரைமார் படம் பதினொன்று.
ஒவ்வொருவருக்கும் பெயர், பிறந்த ஊர்,
ஒருவருக்கு நாயின் பெயரும்.
அடுத்த படத்தில் கூடையோடு அறுபது பேர்.
கீழே:
"தொழிலாளர்கள். காலை."

பவளராணி குனிந்து ஒவ்வொரு முகமாய்ப் போனாள்,
பெரட்டில் பேர் கூப்பிடுகிற மாதிரி.
"இவ கண்ண மூடிட்டா பாரு."
நூறு வருஷமாய் மூடியபடி ஒருத்தி.

மட்டக்கம்புக்குக் கைத்தடி என்று எழுதியிருந்தார்கள்.
லயக் காம்பரா மாதிரி ஒன்று கட்டியிருந்தார்கள்.
அதன் கூரைத் தகரம் புதுசு.
நாங்கள் இரண்டு பேரும் அதை அண்ணாந்து பார்த்த நேரம்
மற்றதைப் பார்த்த நேரத்தைவிட அதிகம்.

கடைசியில் தராசு.
வட்ட முகம், பித்தளை முள்,
கீழே கொக்கி.
பக்கத்தில் "தெடாதீர்கள்".
ஒரு கால் விட்டுப்போயிருந்தது.
நாங்கள் தெடவில்லை. தொட்டோம்.

சீனியைக் கொக்கியில் மாட்டியது பவளராணி.
முள் துள்ளியது, யோசித்தது,
ஒன்றே முக்கால் இறாத்தலில் நின்றது.

பையன் ஓடிவந்தான். திட்டவில்லை.
போனைத் தட்டி, கிலோ என்றால்
ரெண்டு இறாத்தலுக்கும் மேலே என்றான்.
"அக்கே, கடையில கொறச்சிருப்பான்."
முத்திரையைக் காட்டினேன்.
விற்பனை மேசைக்குப் போனான்,
வெள்ளைக்காரர் வாங்கும் அரைக் கிலோ
தேயிலைப் பெட்டியை எடுத்துவந்து
அவனே மாட்டினான்.
ஒரு இறாத்தலைக்கூட முள் தொடவில்லை.

தேயிலைக்கும் அதே கதைதான்.

"பரண சாமான்தானே, பிழை இருக்கும்."
"பிழைன்னா ஒரு நாளைக்காச்சும்
கூடக் காட்டியிருக்குமே தம்பி" என்றேன்.
அவன் முள்ளைப் பார்த்தான்.
பிறகு, எதற்கென்று தெரியவில்லை,
தன் சாவிக்கொத்தையும் மாட்டிப் பார்த்தான்.

கண்ணாடிக்குள் அச்சடித்த குறிப்பு:
பர்மிங்ஹாமில் செய்தது.
இன்றும் நல்ல முறையில் இயங்குகிறது.

மழை விட்டது. பஸ் வந்தது.
உட்கார இடமில்லை.
வளைவுக்கு வளைவு சாய்ந்துகொண்டே
பவளராணி கணக்குப் போட்டாள், விரலில்,
நாளுக்கு இத்தனை, மாசத்துக்கு இத்தனை,
அறுபது கூடைக்கு இத்தனை.
வட்டகொடைக்கு முன்னாலேயே
விரல் தீர்ந்துவிட்டது.

எங்கள் மலையில் இப்போது கரண்ட் தராசு.
சிவப்பு எழுத்தில் நம்பர் விழும்.
ஈரத்துக்கு ரெண்டு, சாக்குக்கு ஒன்று,
ஏன் என்று கேட்டால் இன்னும் ஒன்று.

ராத்திரி சின்னவன் சாயத்துக்குச் சீனி கேட்டான்.
பொதியை உடைக்கவில்லை.
"நாளைக்குப் பின்னேரம் கொழுந்து நிறுக்கிற வரைக்கும்
அது ஒரு கிலோவா இருக்கட்டும்" என்றேன்.
அவனுக்கு விளங்கவில்லை.
படங்கைச் சுருட்டி, உள்ளே பொதியை வைத்து,
கதவோரம் ஆணியில் தொங்கவிட்டேன்.

வெறுஞ்சாயம் கசந்தது.
பவளராணி இரண்டு கோப்பை குடித்தாள்.