ஐந்தாவது டப்பா

முதல் டப்பா துறைமுக ஜங்ஷனில்,
பார்சல் ஆபீஸ் பின்சுவரில்,
செங்கல் கழன்ற பொந்தில் இருந்தது.
உள்ளே ஒரு நோட்டு, ஒரு மைப்பெட்டி,
ரப்பரில் செதுக்கிய மட்டை.

முத்திரையை நம் நோட்டில் குத்திக்கொண்டு
நம் பெயரை அவர்கள் நோட்டில் எழுதிவிட்டு
எடுத்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும்.
‘கட்’ பாக்கியநாதன் நினைவு முத்திரை வேட்டை.
மொத்தம் ஏழு.

பிள்ளைகள் சைக்கிளில் பறக்கிறார்கள்.
பூப்பந்தை அவர்களில் பாதிப்பேர் பார்த்ததே இல்லை.
நான் டிவிஎஸ் ஐம்பதில் பின்னால் போகிறேன்,
நெல்லிக்குப்பம் ஆலை அணி, பின்வரிசை இடது,
என்று யாரிடமும் சொல்லாமல்.

இரண்டாவதில் கட்டைவிரல் எட்டிப்பார்க்கும் கான்வாஸ் ஷூ.
மூன்றாவதில் மீசை.
நான்காவதில் ஒரு கோப்பை, கைப்பிடி கொஞ்சம் கோணல்.
ஐந்தாவதுக்குக் குறிப்பு இப்படி:

தண்ணீர் வந்தால் கெடிலம்,
வராத நாளில் எருமைக்கு மைதானம்.
பாலத்தடியில் நாலாம் தூண்.
குனிந்தவனுக்குக் கிடைக்காது, உட்கார்ந்தவனுக்குக் கிடைக்கும்.

உட்கார்ந்தேன். முட்டி கத்தியது. கிடைத்தது.

உள்ளங்கையில் குத்திப் பார்த்தேன்:
ஒரு பந்து, கம்பளி இழை இழையாக.
ஓரத்தில் மட்டும்
மிளகளவுக்கு மை ஒட்டாத வெள்ளை.

எண்பத்து நாலு, மஞ்சக்குப்பம் மைதானம், கடைசிப் புள்ளி.
வலைக்கு அந்தப்பக்கம் அவர் வெட்டிய பந்து
என் காலுக்குப் பின்னால் விழுந்தது.
எடுத்தேன். மஞ்சளில் சுண்ணாம்பு.
நடுவருக்கு என் முதுகு மறைத்திருந்தது.
அந்த ஒரு நொடியில்
தொடையில் துடைத்துவிட்டுத் தூக்கிக் காட்டினேன்.
அவுட் என்றார்கள்.
என்னைத் தோளில் தூக்கினார்கள்.
பாக்கியநாதன் பந்தைப் பார்க்கவில்லை.
என் கால்சட்டையைப் பார்த்தார்.
பிறகு வந்து கைகொடுத்தார்,
வியர்வையும் விபூதியுமாக இருந்தது அந்தக் கை.

நோட்டின் அட்டையில் ஒரு நம்பர்:
பர்வீன் ரப்பர் ஸ்டாம்ப்ஸ், திருப்பாப்புலியூர்.

“அம்மா, அஞ்சாவதுல பந்து ஓரமா வெள்ளையா...”
“அதுவா சார், செதுக்கறப்ப ரப்பர் பிஞ்சிருச்சு.”
“அவரு எதுவும் சொன்னாரா, அப்படிச் செய்யச்சொல்லி?”
“யாரு சார்?”
லாரி ஒன்று தலைக்குமேல் பாலத்தைக் கடந்தது.
“படம் குடுத்தது அவரு வீட்டம்மா.
பிஞ்சதைப் பார்த்துட்டு, இருக்கட்டும்னு சொல்லிட்டாங்க.”

இருக்கட்டும்.
அந்தச் சொல்லை எவ்வளவு நேரம் வைத்திருந்தேனோ,
எருமை ஒன்று எழுந்து இடம் மாறிப் படுத்தது.

என் நோட்டில் ஐந்தாம் பக்கம்.
முத்திரையை மையில் தொடாமல்
இரண்டு கையாலும் அழுத்தினேன்.
தாளில் வட்டமாய் ஒரு பள்ளம்.
சாய்த்துப் பிடித்தால் தெரியும்.

அவர்கள் நோட்டில் பெயர் எழுதவேண்டிய இடத்தில்
பேனா நின்றது. து என்று எழுதினேன்,
துரைக்கண்ணு என்று முடிக்கவில்லை.

மூடி வைத்து எழுந்தபோது
சரிவில் இரண்டு பையன்கள், மூச்சிரைக்க:
“பெரியவரே, டப்பா இங்கதான இருக்கு?”

“தெரியல தம்பி” என்றேன்.
கையை மூடிக்கொண்டேன்,
உள்ளே மை இன்னும் காயவில்லை.