முப்பத்தொன்றாம் பக்கத்திலிருந்து

பணகுடி தாண்டி நாலுவழிச் சாலையோரம்
எடைமேடையில் எனக்கு ராத்திரி வேலை.
லாரி ஏறும், எண் விழும்,
சீட்டை ஜன்னல் கம்பி வழியே நீட்டுவேன்.
அடுத்த லாரி வர முக்கால் மணி நேரம் ஆகும்.
அந்த முக்கால்களைச் சேர்த்துத்தான்
இதைப் படித்தேன்.

வள்ளியூர் பழைய பேப்பர் கடையில்
எடைக்கு வாங்கிய புத்தகம். நானூறு கிராம்.
அட்டை கிடையாது, முதல் முப்பது பக்கமும் கிடையாது.
அதனால் கம்ப்யூட்டர் என்றால் என்ன என்று
இன்றைக்கும் எனக்குத் தெரியாது.
முப்பத்தொன்றில் இருந்ததை
அப்படியே பார்த்து அடித்தேன்.
சண்டைக்கு வந்தது.

சிவப்பில் எழுதும். இங்கிலீஷில் எழுதும்.
பதினாலாம் வரியில் தப்பு என்னும்.
பதினாலில் ஒன்றுமே இருக்காது.
பதிமூன்றில் ஓர் அடைப்புக்குறியை
மூடாமல் விட்டிருப்பேன்.
ப்ளஸ் டூவில் வரலாறு எடுத்தவள் நான்,
பானிபட் போர் மூன்றும் வருஷத்தோடு சொல்வேன்.
இங்கே ஒரு காற்புள்ளிக்கு
ஒன்பது ராத்திரி போயிற்று.

"ஏ பொன்சீலி, என்னத்தத் தட்டிக்கிட்டுக் கெடக்க?
சீட்டக் குடு தாயி, வெடியுமுன்ன
களியக்காவிள தாண்டணும்."
ஜல்லி லோடு இசக்கிப்பாண்டிக்கு
எப்போதும் அவசரம்.

இது ஒன்றிலிருந்து எண்ணாதாம்.
சைபர், ஒண்ணு, ரெண்டு.
வீடியோவில் பேசுகிற பையன்
இதற்கு ஐந்து நிமிஷம் மன்னிப்புக் கேட்கிறான்.
களத்தில் நெல் அளக்கிற ஆள்
ஒன்று என்று வாய் திறப்பாரா?
லாபம் என்பார், அப்புறம் ரெண்டு என்பார்.
அதை ஒத்துக்கொண்ட ஊருக்கு இது பெரிசா.
நானும் பூச்சியத்துக்குக் கொண்டுவராமல்
ஒரு வண்டியையும் ஏற்றுவதில்லை.

ஆனியில் கச்சான் அடிக்கும்.
சுற்றிலும் காற்றாடி, மலையடி வரைக்கும் காற்றாடி,
அத்தனையும் சுற்றும்.
எங்களுக்கு மட்டும் கரண்ட் போகும்.
யூபிஎஸ் பதினோரு நிமிஷம் கத்திவிட்டு அடங்கும்.
ஒருமுறை எழுதினதெல்லாம் போய்
இருட்டில் சும்மா உட்கார்ந்திருந்தேன்.
அழவில்லை என்று சொல்ல முடியாது.

என்ன எழுதுகிறேன் என்று கேட்டால் சிரிப்பீர்கள்.
எனக்கு என் எடை தெரியணும்.
மேடை நடுவே நின்றால் திரை தெரியாது.
திரை முன்னால் நின்றால் நான் மேடையில் இல்லை.
ஆறு வருஷமாக ஊர் லாரியை எல்லாம் நிறுத்தவளுக்கு
இது ஒரு குறை.

எண்ணை வாங்கு.
வைத்திருப்பதைவிடப் பெரிசா?
ஆமென்றால் அதை வைத்துக்கொள்.
இல்லையென்றால் விடு.
மறுபடியும் வாங்கு.

இவ்வளவுதான். எழுதி முடிக்கையில்
ஆவணி பிறந்துவிட்டது.

நேற்று மூணு பத்துக்கு ஓட விட்டேன்.
செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன், ஏனென்று தெரியவில்லை.
இரும்பு சில்லென்று இருந்தது.
லாபம், ரெண்டு, மூணு என்று இருபதுவரை எண்ணினேன்.
உள்ளே ஓடி வந்து பார்த்தால்
அறுபது.

இருபது இருபதாகத்தான் இதற்குக் கண் தெரியும்.
நான் ஐம்பத்து மூணாக இருக்கலாம்,
அறுபத்தெட்டாகவும் இருக்கலாம்.
கையில் புத்தகத்தோடுதான் நின்றேன்,
நானூறு கிராமை அது சட்டை செய்யவில்லை.
இருந்தாலும் அறுபது.
யாரும் சொல்லித் தராத அறுபது.
போனில் படம் பிடிக்கலாமா என்று யோசிக்கையில்
ஹாரன்.

இசக்கிப்பாண்டி ஏற்றிவிட்டார் வண்டியை.
நாற்பத்தெட்டாயிரத்து எழுநூற்று இருபது.
பெரிசா? ஆம்.
வைத்துக்கொண்டது.
என் அறுபது போன இடம் தெரியவில்லை.

தப்பு அதன்மேல் இல்லை.
சொன்னதைத்தான் செய்தது.
சீட்டை நீட்டிவிட்டு,
ஒன்பதாம் வரிக்கும் பத்தாம் வரிக்கும் நடுவில்
ஒரு இடம் விட்டேன்.