கட்டம்

வருசம் பிறக்கிற நடுராத்திரியில்
போதகர் ஆளுக்கொரு தாள் கொடுத்தார்.
முந்நூற்று அறுபத்தைந்து கட்டம்,
கீழே கையெழுத்து.
பிரட்டில் பேர் கொடுப்பதுபோல்
கொடுத்துவிட்டு வந்தேன்.

மனசுக்குள் வாசித்தால் தூங்கிவிடுவேன்.
மலை ஏறி இறங்கின உடம்பு அப்படி.
அதனால் சத்தமாகவே வாசித்தேன்,
விடியக்காலை நாலரைக்கு,
அடுப்பில் தேத்தண்ணி கொதிக்க.

லயத்துச் சுவர் கூரையைத் தொடாது.
தகரத்துக்கும் சுவருக்கும் நடுவே
ஒரு முழம் வெளி.
அந்த வழியாகத்தான்
யோகமலர் வீட்டுக் கருவாட்டு வாசமும்
அவள் புருசன் இருமலும்
எங்கள் காம்பராவுக்கு வரும்.
என் வேதம் அந்தப் பக்கம் போகும் என்று
நான் நினைக்கவே இல்லை.

தை பிறக்க ரெண்டு நாள் இருந்தது.
பொகவந்தலாவைப் பக்கம் பனி விழுந்து
கொழுந்து கருகிய வாரம்.
ஏழாம் நம்பர் மலையில் குளவி கலைந்தது.
அடுத்த நிரையில் நின்ற அருளாயி
கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடினாள்.
கான் வரைக்கும்தான் ஓடினாள்.

அடக்கம் முடிந்து வந்து
புத்தகத்தை அரிசி டின்னுக்கு அடியில் வைத்தேன்.
கோபம் என்று சொல்ல முடியாது.
கேட்கிற காது இருக்கிறதா
என்று தோன்றிய பிறகு
வாய் திறக்க வெட்கமாக இருந்தது.
பொங்கலன்று சுவருக்கு மேலாக
ஒரு கிண்ணம் வந்தது. வாங்கிக்கொண்டேன்.
ஒன்றும் பேசவில்லை.

ஒன்பது கட்டம் வெறுமையாகக் கிடந்தது.

பத்தாம் நாள், நாலரைக்கு,
சுவரில் கரண்டி தட்டுகிற சத்தம்.
"அக்கா, அந்தப் பயல அண்ணன்மாருக
குழியில தள்ளினாங்களே,
தூக்கினாங்களா இல்லியா?
ஒம்பது நாளா அவன் உள்ளேயே கெடக்கான்."

டின்னை நகர்த்தினேன்.
வெளியே எடுத்தார்கள், எடுத்து
வழிப்போக்கருக்கு விற்றார்கள் என்று வாசித்தேன்.
அந்தப் பக்கம் வெகுநேரம் சத்தமில்லை.
பிறகு சொன்னாள்:
"கூலிக்குத்தானே கொண்டுபோயிருப்பாங்க."

வைகாசி மழைக்கு
பேர்கள் மட்டும் உள்ள அதிகாரங்கள் வந்தன.
இன்னார் மகன் இன்னார், அவன் மகன் இன்னார்,
நாக்கு சுளுக்கும்.
மெதுவாக நாலு பக்கம் புரட்டினேன்.
தாள் சத்தம் கேட்டுவிட்டது அவளுக்கு.
"ஏன் தாண்டுறீங்க?"
"வெறும் பேருதான் யோகம்."
"வாசிங்க. கப்பலேறி வந்த நம்ம ஆளுகள
இப்பிடி ஒருத்தரும் எழுதி வைக்கலியே.
செக்ரோல்ல இருக்கிறது அரைப்பேரு."

திரும்பப் புரட்டி
ஒருவரையும் விடாமல் கூப்பிட்டேன்,
தகரத்தில் மழை அடிக்க, தொண்டை கிழிய.
எல்லாரும் வந்திருந்ததுபோல் இருந்தது.

அவள் சபைக்கு வரவில்லை.
நான் கூப்பிடவும் இல்லை.
ஆடியில் மாரியம்மனுக்குத் தீ மிதித்தாள்;
பாதத்துக்கு மஞ்சள் அரைத்துக் கொடுத்தேன்.
சாட்சி சொல்லுங்கள் என்று
ஒரு ஞாயிற்றுக்கிழமை எழுப்பிவிட்டார்கள்.
"நான் வாசிக்கிறது பக்கத்து வீட்டுக்குக் கேக்குது"
என்றேன். சிரித்தார்கள்.
உட்கார்ந்துவிட்டேன்.

கார்த்திகையில் காய்ச்சல்.
தொண்டை அடைத்துப்போனது.
நாலரை ஆனதும் கரண்டி தட்டியது,
ரெண்டு தடவை.
நான் இருமினேன்.
"சரி, கிடங்க. இன்னிக்கி நான் சொல்றேன்."

குழியில் விழுந்தவனையே எடுத்தாள்.
அவள் சொன்னதில் அவனுக்கு மஞ்சள் சட்டை.
ஒட்டகம் இல்லை, லொறி வந்தது.
குழிக்குள் ராத்திரி முழுக்க மழை பெய்தது.
மேலே நின்ற அண்ணன்மாரில் ஒருத்தன் மட்டும்
மற்றவனுக்குத் தெரியாமல்
ஒரு ரொட்டியைக் கீழே போட்டான்.

அந்த ரொட்டி எந்த வசனத்திலும் கிடையாது.
திருத்தக் குரல் வரவில்லை எனக்கு.
கம்பளிக்குள்ளிருந்து கையை நீட்டி
அன்றைய கட்டத்தில் கோடு போட்டேன்.